ஒவனும் வேண்டாம், பிரிஜ்ஜும் வேண்டாம்: சொக்லேட் கச்சான் உருண்டை பற்றி உங்கள் கேள்விகள்

தீபாவளியும் அதற்குப் பின்னாலேயே நத்தாரும் வருவதால் இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய இனிப்புப் பற்றியவை. அதிலும் சொக்லேட்டையும், கச்சானை அரைத்துச் செய்யும் பீனட் பட்டரையும் வைத்து, ஒவனில் வைக்காமலே செய்யும் உருண்டையைப் பற்றித்தான் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாசிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நம் மலைநாட்டுக் குளிர் இந்த இனிப்புக்கு நல்லது, நம் மலைநாட்டு ஈரம் இதற்குக் கெட்டது. உங்களுடைய பாதிச் சந்தேகம் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறது.

"அக்கா, எங்கள் வீட்டில் ஒவனும் இல்லை, பிரிஜ்ஜும் இல்லை. லயத்துக் காம்பராவில் விறகடுப்பும் ஒரு சின்னக் கேஸ் அடுப்பும்தான். டவுன் கடையில் பார்த்த சொக்லேட் கச்சான் உருண்டையைத் தீபாவளிக்குச் செய்து தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்களால் முடியுமா?" – லிந்துலை வாசகி

தாராளமாக முடியும் தங்கச்சி. கொழும்பில் இருப்பவர்களுக்குத்தான் இதற்குப் பிரிஜ் கட்டாயம், உங்களுக்கு இல்லை. சொக்லேட்டில் இருக்கும் கொக்கோ பட்டர் ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகும், அதற்குக் கீழே போகப் போக இறுகும். ஐப்பசி மழை நேரத்தில் உங்கள் பக்கம் வீட்டுக்குள்ளேயே 16, 18 பாகைதான் இருக்கும் என்பதால் தட்டை மேசையில் வைத்தாலே கால் மணி, அரை மணி நேரத்தில் தானாக இறுகிவிடும்.

அளவு சொல்கிறேன். பீனட் பட்டர் 250 கிராம், பட்டர் 50 கிராம், ஐசிங் சீனி 150 கிராம், நன்றாகப் பொடித்த மாரி பிஸ்கட் 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வெனிலா. மேலே பூச 200 முதல் 250 கிராம் வரை சமையல் சொக்லேட் போதும். இதில் சின்ன எலுமிச்சங்காயை விடச் சிறிய உருண்டையாக ஏறக்குறைய 40 வரும். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் இனிப்பு மட்டும்தான் தெரியும், கச்சானின் சுவை எழும்பாது.

நம் ஊரில் பட்டர் வெளியில் வைத்தாலும் கல்லாகத்தான் இருக்கும், அதை அப்படியே பிசைந்தால் கட்டி கட்டியாக நிற்கும். அடுப்புக்குப் பக்கத்தில், நெருப்புப் படாத தூரத்தில், அரை மணி நேரம் வைத்து மெதுவாக்குங்கள், உருக்க வேண்டாம். முதலில் பட்டரையும் பீனட் பட்டரையும் கரண்டியால் நன்றாகக் கலந்து, உப்பு, வெனிலா போட்டு, அப்புறம் ஐசிங் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் பிஸ்கட் தூளைச் சேருங்கள். கையில் ஒட்டாமல் உருட்ட வருகிறதா, அதுதான் பதம். ஒட்டினால் இன்னும் ஒரு பிடி பிஸ்கட் தூள், உதிர்ந்தால் ஒரு கரண்டி பீனட் பட்டர். ஐசிங் சீனி கிடைக்காவிட்டால் சாதாரண சீனியைக் காய்ந்த பிளெண்டரில் மாவாக அரைத்துத் துணியில் சலித்துக்கொள்ளலாம், சலிக்காமல் போட்டால் பல்லில் நறநறக்கும்.

உருண்டைகளை ஒயில் பேப்பர் விரித்த தட்டில் அடுக்கிக் கொஞ்ச நேரம் இறுக விடுங்கள். ஆனால் முழு இரவும் பனியில் வைத்துச் சில்லென்று ஆக்கிவிட்டு உடனே சூடான சொக்லேட்டில் தோய்க்காதீர்கள். உள்ளே இருப்பது பிறகு சூடேறி விரியும்போது மேல் பூச்சு வெடித்துவிடும். கையால் தொட்டால் லேசான குளிர், அவ்வளவு போதும்.

சொக்லேட் உருக்க, ஒரு சின்னப் பானையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்குங்கள். பானையின் வாயை விட அகலமான கிண்ணத்தில் பொடியாக வெட்டிய சொக்லேட்டைப் போட்டு மேலே வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, பக்கவாட்டில் ஆவி எழும்பி உள்ளே வரவும் கூடாது. முக்கால்வாசி உருகியதும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மீதியை அந்தச் சூட்டிலேயே கிண்டி உருக்குங்கள். முள்ளுக்கரண்டியில் உருண்டையை வைத்து முக்கி, கிண்ணத்தின் விளிம்பில் தட்டி வழிய விட்டு, பேப்பரில் வையுங்கள். விறகடுப்பு எரிகிற காம்பராவிலேயே இதைச் செய்வதென்றால் மூடியும் துணியும் பக்கத்தில் இருக்கட்டும், கொழுப்புப் பண்டம் எதுவும் புகை வாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். முடிந்தால் இஸ்தோப்புப் பக்கம் எடுத்து வந்து செய்யுங்கள்.

"கடையில் பீனட் பட்டர் போத்தல் விலை எங்களுக்குக் கட்டாது. வீட்டில் அரைத்தால் தூளாகவே நிற்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைக்கலாமா?" – பொகவந்தலாவை வாசகி

தண்ணீர் மட்டும் விடாதீர்கள் அம்மா. கச்சானில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அந்த எண்ணெய் வெளியே வந்தால் தானாக இளகும், தண்ணீர் விட்டால் சட்னி மாதிரி ஆகி, இரண்டு நாளில் புளித்துப் போகும், சொக்லேட்டோடும் சேராது.

உங்களுடையது தூளாக நிற்பதற்குக் காரணம் பாதியில் நிறுத்துவதாகத்தான் இருக்கும். அரை கிலோ கச்சான் பருப்பைத் தாச்சியில், எண்ணெய் விடாமல், மெல்லிய சூட்டில் கிண்டிக்கொண்டே 15, 20 நிமிடம் வறுங்கள். உள்ளே பருப்பு வெளிறிய பொன்னிறமாக மாற வேண்டும், தோல் கருகக்கூடாது. கை பொறுக்கும் சூட்டில் தேய்த்துச் சுளகில் புடைத்துத் தோலை நீக்கிவிட்டு, சூடு ஆறிப்போவதற்கு முன்னால் அரையுங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இலகுவாக விடும், நம் குளிரில் முழுக்க ஆறவிட்டால் நேரம் இரண்டு மடங்கு ஆகும். முதலில் தூளாகும், பிறகு உருண்டு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சரிவரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஓரத்தை வழித்துவிட்டுத் திரும்ப அரையுங்கள், கொஞ்ச நேரத்தில் பளபளவென்று இளகி வரும். பிளெண்டர் மோட்டார் சூடாகும், ஒரு நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். அப்படியும் இளகாவிட்டால் வாசமில்லாத எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம்.

அம்மியிலும் அரைக்கலாம், நன்றாக வரும், கை வலிக்கும் அவ்வளவுதான். ஆனால் அம்மி முதல் நாளே கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். மிளகாய் அரைத்த வாசம் இருந்தால் அதுவும் ஏறிவிடும்.

வீட்டில் அரைத்ததை வைத்திருந்தால் மேலே எண்ணெய் மிதக்கும். அது கெட்டுப்போனது இல்லை, கிண்டிவிட்டுப் பாவியுங்கள். கடைப் போத்தலில் மிதக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதில் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்புச் சேர்ப்பதுதான். நீங்கள் அரைத்தது கொஞ்சம் இளக்கமாக இருக்கும் என்பதால்தான் மேலே சொன்ன அளவில் பிஸ்கட் தூள் வருகிறது.

"கடையில் வாங்கிய கச்சானில் சிலது சுருங்கி, கறுத்து, பூஞ்சணம் பிடித்த மாதிரி இருந்தது. கடைக்காரர் நன்றாக வறுத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார். உண்மையா?" – மஸ்கெலியா வாசகர்

உண்மை இல்லை தம்பி, இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கச்சானில் ஈரம் ஏறினால் அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் வளரும், அது அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுக்கும்போது பூஞ்சணம் சாகும், ஆனால் அது ஏற்கனவே விட்டுவிட்டுப் போன நஞ்சு வீட்டு வறுவல் சூட்டில் முழுக்க அழிவதில்லை. இது ஈரலைப் பாதிக்கும், ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது உறுதியாகத் தெரிந்த விசயம். ஒரு நாள் ஒரு கச்சான் தின்றதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை, ஆனால் தொடர்ந்து சாப்பிட்டு வருவது நல்லதல்ல, அதுவும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

கச்சான் விளைவது மொனராகலை மாதிரிக் காய்ந்த பக்கங்களில். அங்கே நன்றாகக் காய்ந்து வருவது இங்கே வந்து சாக்கில் மாதக்கணக்கில் இருக்கும்போது நம் மழையும் மூடுபனியும் அதற்குள் இறங்கிவிடுகிறது. அதனால் கொஞ்சமாக வாங்குங்கள், வியாபாரம் ஓடுகிற கடையில் வாங்குங்கள். வாங்கும்போதே இரண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் வேண்டாம், பழைய எண்ணெய்க் காறல் வாசம் அடித்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சுளகில் கொட்டி, சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது, பச்சையோ கறுப்போ படர்ந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழித்துவிடுங்கள். இப்படிப் பொறுக்குவதிலேயே ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும், ஏனென்றால் நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது, கெட்டுப்போன சிலதில்தான் குவிந்திருக்கும். அதை முழுப் பருப்போடு சேர்த்து அரைத்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மூட்டையில் கண்ணுக்குப் படுகிற இடமெல்லாம் அப்படித்தான் என்றால் பொறுக்கிக்கொண்டிருக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கழித்ததைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடவும் வேண்டாம், அவற்றுக்கும் அது நஞ்சுதான், பசு தின்றால் பாலிலும் வரும்.

"சொக்லேட் அழகாக உருகிக்கொண்டிருந்தது, திடீரென்று கட்டியாகித் திரிந்து மண் மாதிரி ஆகிவிட்டது. சூட்டைக் கூட்டினேன், இன்னும் மோசமாகிவிட்டது." – தலவாக்கலை வாசகி

உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஒரு சொட்டுப் போதும். சொக்லேட்டில் இருக்கும் சீனித் துகளும் கொக்கோத் துகளும் கொழுப்புக்குள் காய்ந்து மிதப்பவை, கொஞ்சம் ஈரம் பட்டதும் சீனி நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரக் கரண்டி, சரியாகத் துடைக்காத கிண்ணம், பக்கத்தில் கொதிக்கிற கேத்தலின் ஆவி, மேலே கொடியில் காயப்போட்ட ஈரத்துணி, எதுவும் காரணமாக இருக்கலாம். மழை நாளில் காம்பராவுக்குள்ளேயே துணி காய்கிற வீடுகளில் இதைக் கவனியுங்கள்.

திரிந்ததைத் தூக்கி வீச வேண்டாம். நூறு கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சூடான பால் என்று விட்டு வேகமாகக் கிண்டுங்கள், போதாவிட்டால் இன்னும் ஒரு கரண்டி. கொஞ்சத் தண்ணீரில் திரிந்தது நிறையத் தண்ணீரில் இளகிவிடும். ஆனால் இனி அது இறுகாது, உருண்டைக்குப் பூச முடியாது. அதில் பீனட் பட்டரும் உடைத்த பிஸ்கட்டும் கலந்து தட்டில் பரப்பித் துண்டு போட்டு, இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கருகிய வாசம் வந்தால் மட்டும் அது ஈரத்தால் வந்ததல்ல, சூடு மிஞ்சியதால் வந்தது, அதைக் காப்பாற்ற வழியில்லை. சொக்லேட்டுக்கு 50 பாகைக்கு மேல் சூடே தேவையில்லை, பால் சொக்லேட்டுக்கு அதுவும் அதிகம்.

"நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உருண்டை மேலெல்லாம் வெள்ளை படர்ந்திருக்கிறது. பூஞ்சணமா? மாமியார் எல்லாவற்றையும் வீசச் சொல்கிறார்." – ஹட்டன் வாசகி

வீசுவதற்கு முன்னால் விரலால் தொட்டுப் பாருங்கள். பஞ்சு மாதிரி எழும்பி நின்றால், பச்சை நிறம் இருந்தால், மக்கின வாசம் வந்தால் பூஞ்சணம், மாமி சொன்னதுதான் சரி. மற்றபடி சமதரையாக, சாம்பல் தூவிய மாதிரிப் படிந்திருந்தால் அது பூஞ்சணம் இல்லை, சாப்பிடலாம், பார்க்கத்தான் அழகில்லை.

இது இரண்டு விதமாக வரும். வழவழவென்று இருந்து விரல் சூட்டில் உருகி மறைந்தால் அது கொழுப்பு. கொக்கோ பட்டர் சரியாக இறுகாமல் மேலே வந்து படிந்திருக்கிறது. கச்சான் எண்ணெய் உள்ளிருந்து மெதுவாக வெளியே கசிவதாலும் இது வரும், அதனால் கச்சான் இனிப்பில் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கலாம். சொரசொரவென்று காய்ந்து, தேய்த்தாலும் உருகாமல் நின்றால் அது சீனி. சொக்லேட் மேல் ஈரம் படிந்து, சீனி கரைந்து, காயும்போது வெளியே தங்கிவிட்டது. பிரிஜ் உள்ளவர்கள் உருண்டையை அதில் வைத்துவிட்டு எடுத்து உடனே மூடியைத் திறக்கும்போது அதன் மேல் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் காரணம். ஹட்டனில் எதற்கு அதைப் பிரிஜ்ஜில் வைக்கிறீர்கள், வெளியிலேயே நிற்குமே? அப்படி வைத்தே ஆகவேண்டும் என்றால் மூடிய டின்னோடு வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

கொழுப்பு வெள்ளைக்கு மருந்து சொக்லேட்டை வாங்கும்போதே பார்ப்பதுதான். பின்பக்கத்தில் கொக்கோ பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது வெறுமனே உருக்கித் தோய்த்தாலே பளபளப்பாக இறுகும், முதல் முறை செய்கிறவர்கள் இதையே வாங்குங்கள். கொக்கோ பட்டர் உள்ள நல்ல சொக்லேட்டுக்குச் சுவை அதிகம், வேலையும் அதிகம். அதில் மூன்றில் இரண்டு பங்கை உருக்கி இறக்கி, மீதி ஒரு பங்கைப் பொடியாக அதில் போட்டுக் கிண்டிக் கிண்டி ஆற விடவேண்டும். கறுப்புச் சொக்லேட் 31, 32 பாகைக்கும் பால் சொக்லேட் அதைவிட ஒன்றிரண்டு பாகை குறைவாகவும் வரும்போது தோய்க்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துளியைக் கீழுதட்டில் வைத்துப் பாருங்கள், சூடும் தெரியாமல் லேசாகக் குளிர்ந்தால் சரி. கத்தி நுனியில் தொட்டு வைத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளப்போடு இறுகவேண்டும், இறுகாவிட்டால் இன்னும் கிண்டுங்கள்.

"வெப்பமானி வாங்கி, வெளிநாட்டுச் செய்முறையில் சொன்ன மாதிரி சீனி, பால், கொக்கோவை 114 பாகை வரை காய்ச்சி, பீனட் பட்டர் சேர்த்தேன். மெதுவான பஜ் இனிப்பு வரவேண்டியது, உதிர்ந்து போகிறது. மூன்று தடவையும் அப்படித்தான்." – நுவரெலியா வாசகர்

உங்கள் கையில் பிழை இல்லை, வெப்பமானியிலும் இல்லை. அந்தச் செய்முறை கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்காக எழுதியது. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் உங்கள் வீட்டில் ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும், ஹட்டனில் 96, பதுளையில் 98 என்று வைத்துக்கொள்ளலாம். பாகும் அப்படித்தான். கொழும்பில் 114 பாகையில் பாகுக்குள் எவ்வளவு தண்ணீர் மீதி இருக்குமோ, உங்களுக்கு 108 பாகையிலேயே அவ்வளவுதான் மீதி இருக்கும். அதற்கு மேலும் 114 வரை காய்ச்சும்போது தேவையான தண்ணீரும் வற்றிப்போய்விடுகிறது, அதுதான் உதிர்கிறது.

இனிச் செய்யும்போது முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியில் பாருங்கள். 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அதைச் செய்முறையில் உள்ள எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும், வெப்பமானியில் சின்னக் குறை இருந்தாலும் இதிலேயே சரியாகிவிடும். பால் அடிப்பிடிக்காத கனமான சட்டியாக இருக்கட்டும்.

இன்னொரு வழி உங்கள் பாட்டிக்குத் தெரிந்த வழிதான். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளிப் பாகை விட்டு விரலால் சேர்த்துப் பாருங்கள், மெதுவாக உருண்டு வந்து, வெளியே எடுத்ததும் அமுங்கினால் இறக்கிவிடலாம். கெட்டியாக நின்றால் தாண்டிவிட்டது. எந்த உயரத்திலும் பதம் பார்க்க இதை நம்பலாம், நான் வெப்பமானியை விட இதையே விரும்புகிறேன். ஒரு நிமிடம் கொதிக்க விடு, இரண்டு நிமிடம் கொதிக்க விடு என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள், விறகடுப்பின் ஒரு நிமிடமும் கேஸ் அடுப்பின் ஒரு நிமிடமும் ஒன்றல்ல.

"என் கணவருக்குச் சீனி வருத்தம். சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி போட்டால் அவர் சாப்பிடலாமா?" – கம்பளை வாசகி

கருப்பட்டியும் உடம்புக்குள் போனால் சீனிதான் அம்மா. வாசம் நன்றாக இருக்கும், அந்த வாசத்துக்காகப் போடுங்கள், வருத்தத்துக்காகப் போடாதீர்கள். நான் சொன்ன அளவில் ஒரு உருண்டையில் சொக்லேட்டோடு சேர்த்து ஏறக்குறைய 7 கிராம் சீனி, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் இருக்கும். அதைக் கணக்கில் வைத்து எவ்வளவு என்பதை அவருடைய டொக்டரிடம் கேளுங்கள். அவருக்கென்று வறுத்த கச்சான் ஒரு சின்னப் பிடி, இனிப்பில்லாமல், தேத்தண்ணியோடு கொடுக்கலாம். கருப்பட்டி போடுகிறவர்கள் நன்றாகக் காய்ந்ததைத் துருவிப் போடுங்கள், கசிகிற கருப்பட்டியில் உருண்டை இளகிவிடும்.

"பாடசாலை விழாவுக்கு இந்த உருண்டையைச் செய்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைக்கிறோம். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?" – பண்டாரவளை ஆசிரியை

கேட்டது மிக நல்லது டீச்சர். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் துளி பட்டாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். விழாவுக்கு முன்பே எல்லாப் பெற்றோரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் அந்த விழாவில் கச்சானே வேண்டாம், அந்தப் பிள்ளையை மட்டும் தள்ளி உட்கார வைப்பது சரியில்லை. அதற்குப் பதிலாகத் தேங்காய்ப்பூவை ஈரம் போக மெதுவாக வறுத்து, டின்பால் சேர்த்து உருட்டிச் சொக்லேட்டில் தோய்க்கலாம், யாருக்காவது பால் ஒத்துக்கொள்ளாதா என்பதையும் கேட்டுவிட்டு. எள்ளு போடலாம் என்று சிலர் சொல்வார்கள், எள்ளும் ஒவ்வாமை தரக்கூடியதுதான், கேட்காமல் போட வேண்டாம். டின்பால் உருண்டை அதிக நாள் தாங்காது, முதல் நாள் செய்து மறுநாள் கொடுத்துவிடுங்கள்.

கச்சான் சாப்பிட்ட பிள்ளைக்கு உதடு, முகம் வீங்கினால், உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தால், மூச்சு இழுத்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நம் தோட்டத்துப் பாதைகளில் அது மேலே ஏறி வர நேரம் எடுக்கும் என்று தெரிந்தால், அவர்களிடமே கேட்டுக்கொண்டு கிடைக்கிற வாகனத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடுங்கள்.

பிள்ளைக் காம்பராவில் இருக்கிற சின்னதுகளுக்கு முழுக் கச்சானும் உடைத்த கச்சானும் கொடுக்காதீர்கள், ஐந்து வயது வரை அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் பயம் உண்டு. நன்றாக அரைத்த பீனட் பட்டரைக் கூட உருண்டையாகக் கொடுக்காமல் பிஸ்கட்டில் மெல்லியதாகப் பூசிக் கொடுப்பதுதான் சரி.

"இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? நம் நாட்டில் கொக்கோ விளைகிறதா?" – பதுளை மாணவர்

கச்சானை அரைத்துப் பசையாக்கும் முறைக்கு 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கனடாவைச் சேர்ந்த மார்செலஸ் எட்சன். சொக்லேட் கிண்ணத்துக்குள் பீனட் பட்டரை வைத்து 1928-இல் பென்சில்வேனியாவில் விற்கத் தொடங்கியவர் எச்.பி. ரீஸ், இன்றும் அவர் பெயரிலேயே அது விற்கப்படுகிறது. உருண்டையைச் சொக்லேட்டில் முக்கால்வாசி தோய்த்து, உச்சியில் வட்டமாகக் கொஞ்சம் வெளியே தெரிய விடுவது ஒஹையோ மாநிலத்துப் பழக்கம், அங்குள்ள பக்கை மரத்தின் விதை மாதிரி இருப்பதால் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். தோய்க்கும்போது பல்குச்சியில் குத்திப் பிடித்தால் அப்படிச் செய்வது இலகு, சொக்லேட்டும் மிச்சம். கொக்கோ நம் நாட்டில் விளைகிறது தம்பி, தூரமில்லை, மாத்தளை, கண்டிப் பக்கம்தான். மிளகு மாதிரி வாசனைப் பயிர்களோடு சேர்த்து வளர்க்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் மரத்தின் தண்டிலேயே காய் தொங்குவதைப் பாருங்கள்.

"வீட்டில் செய்து பெட்டி போட்டு விற்க ஆசை. கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரும் கேட்கிறார்கள். எத்தனை நாள் தாங்கும், எப்படி அனுப்புவது?" – அப்புத்தளை வாசகி

ஆசையோடு நிறுத்தாமல் தொடங்குங்கள் தங்கச்சி, தீபாவளிக் காலம் இதற்குச் சரியான நேரம். தண்ணீரும் பாலும் சேராத உருண்டை, காற்றுப் போகாத டின்னில், நம் குளிரில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் கெட்டுவிடும் என்றில்லை, கச்சான் எண்ணெய் காறத் தொடங்கும், வாங்கியவர் இரண்டாம் தடவை வரமாட்டார். கருவாட்டு டின்னும் இதுவும் ஒரே இறாக்கையில் இருக்கக்கூடாது.

விற்பதென்றால் 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் உண்டு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) போய்ப் பார்த்து என்ன பதிவு வேண்டும் என்று கேளுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை, ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டால் பிறகு தலையிடி இல்லை. பெட்டியில் என்ன பண்டம், என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை, செய்த திகதி, முடியும் திகதி, உங்கள் பெயர், விலாசம் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். கச்சான், பால், கோதுமை சேர்ந்தது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். விலை வைக்கும்போது கேஸ், பெட்டி, ஒயில் பேப்பர், உங்கள் கூலி எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். நம் பெண்கள் பொருள் செலவை மட்டும் கூட்டிவிட்டுக் கூலியை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு மனவருத்தமான விசயம்.

கொழும்புக்கு அனுப்புவதில்தான் சிக்கல். உங்கள் வீட்டில் கல் மாதிரி இருக்கும் உருண்டை அங்கே பகல் சூட்டில் ஒட்ட ஆரம்பிக்கும். அங்கே போகிறதுக்குத் தாவரக் கொழுப்புச் சொக்லேட்டையே பாவியுங்கள், பெரும்பாலும் அது கொஞ்சம் கூடுதலாகச் சூடு தாங்கும். ஒவ்வொன்றையும் தனிக் காகிதக் கிண்ணத்தில் வைத்து, பெட்டியைச் சுற்றி நாலைந்து மடிப்புப் பேப்பர் கட்டி, இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பஸ் என்றால் இன்ஜின் பக்கத்திலும் மேல் தட்டிலும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் அவர்கள் பெட்டியைத் திறக்காமல் அப்படியே பிரிஜ்ஜில் வைக்கட்டும், சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூடியோடு வெளியே எடுக்கட்டும்.